பாலத்தைத் தாண்டினால் சிதம்பரம்: அண்ணாமலை நகருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு படித்துப் பட்டமும் வாங்கிவிட்டு, சிதம்பரம் தேரை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஊர் திரும்பியவர்கள் பலரை எனக்குத் தெரியும். என் முதல் ஆண்டும் அப்படித்தான் கழிந்தது. விடுதி, வகுப்பு, சாப்பாட்டுக்கூடம், மறுபடி விடுதி. ஞாயிற்றுக்கிழமை ஒரு சினிமா. இரண்டாம் ஆண்டு மார்கழியில் ஒருநாள், நாங்கள் வழக்கமாகப் போகும் தேநீர்க்கடை அண்ணன், "தம்பி, இன்றைக்குத் தேர். நீ இங்கே உட்கார்ந்திருக்கிறாயே?" என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. கடையைத் தன் மகனிடம் ஒப்படைத்துவிட்டு, என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கீழவீதிக்குப் போனார். அன்று நான் பார்த்ததைப் புதிதாக வரும் ஒவ்வொருவரும் முதல் ஆண்டிலேயே பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வாரத்திலேயே ஒரு மாலை

பல்கலைக்கழகம் ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கிறது, ஊர் மேற்கே. நடுவில் ஒரு மேம்பாலம். இந்தப் பாலத்தைத் தாண்டுவதில்தான் பலருக்குச் சோம்பல். விடுதிப் பக்கமே எல்லாக் கடையும் இருப்பதால் ஊருக்குள் போக வேண்டிய தேவை எழுவதில்லை. தேவை எழட்டும் என்று காத்திருக்காதீர்கள். வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு மாலையை இதற்காக ஒதுக்கிவிடுங்கள். பஸ் உண்டு, ஷேர் ஆட்டோவும் உண்டு. முதல் தடவை மட்டும் நடந்து போகச் சொல்வேன். முக்கால் மணி நேரம் ஆகும். வழி மனத்தில் பதிந்துவிடும்.

ஊரின் அமைப்பு மிக எளிது. நடுவில் நடராசர் கோயில். அதைச் சுற்றி நான்கு வீதிகள்: கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி. தேர் ஓடுவதற்கென்றே அமைந்தவை என்பதால் அகலமாக இருக்கும். புத்தகக் கடையோ மருந்துக் கடையோ, யாரிடம் வழி கேட்டாலும் இந்த நான்கு பெயர்களில் ஒன்றிலிருந்துதான் தொடங்குவார்கள். கீழவீதியில் தொடங்கி, கோயிலை வலமாக வைத்து ஒரு சுற்று நடந்து வாருங்கள். ஊர் பிடிபட்டுவிடும்.

சுற்றி முடித்ததும் கிழக்குக் கோபுரத்தின் வழியாக உள்ளே போங்கள். சன்னிதி நண்பகலில் சாத்தப்பட்டு மாலை ஐந்து மணி வாக்கில் மறுபடி திறக்கும். பகல் வகுப்பு முடிந்து போகிறவர்களுக்கு அதுவே வசதியான நேரம். கோபுர வாயிலைக் கடக்கும்போது அவசரப்படாமல் இருபுறச் சுவரையும் அண்ணாந்து பாருங்கள். பரத சாத்திரம் சொல்லும் நூற்றெட்டுக் கரணங்களும், அதாவது ஆடல் நிலைகளும், அங்கே சிற்பமாக இருக்கின்றன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அந்தந்தக் கரணத்துக்குரிய வடமொழிச் செய்யுளையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். நடனம் படிக்கிறவர்கள் கையில் நோட்டுப் புத்தகத்தோடு இங்கே நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இந்தக் கோயில்தான் இந்த ஊரின் கூடம். மாலையில் சிவகங்கைக் குளத்தின் படிகளில் வந்து உட்காரும் பெரியவர்கள், பிராகாரத்தில் ஓடிப் பிடித்து விளையாடும் குழந்தைகள், தூணில் சாய்ந்து பாடம் படிக்கும் மாணவர்கள் எல்லோருக்கும் அங்கே இடம் இருக்கிறது. உள் சன்னிதியில் படம் எடுக்காதீர்கள். நடராசர் சன்னிதிக்கு முன்னால் உள்ள கனகசபையில் ஏறித் தரிசிக்கும் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். அன்றைய நடைமுறை எப்படி என்பதை முன்னால் நிற்பவரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தீட்சிதர்கள் யாராவது அர்ச்சனைக்குக் கூப்பிட்டால் விருப்பம் இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை.

திரும்பும் வழியில் இட்லிக்குக் கத்தரிக்காய்க் கொத்சு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். சுட்ட கத்தரிக்காயை மசித்துப் புளியும் மல்லியும் மிளகாயும் சேர்த்துச் செய்வது. வேறு ஊர்களிலும் கொத்சு வைக்கிறார்கள். சிதம்பரத்துக் கொத்சு என்று பெயர் சொல்லிக் கேட்கும் அளவுக்கு இது தனி. மிளகும் சீரகமும் நெய்யும் மணக்கும் சம்பா சாதத்தோடு இதைச் சேர்த்துச் சாப்பிடுவதே இந்த ஊர் வழக்கம். நான் அதைச் சாப்பிட்டது ஒரு நண்பனின் வீட்டில். அவன் அம்மா இலை போட்டுப் பரிமாறிவிட்டு, "இதைச் சாப்பிடாமல் இங்கே படித்தேன் என்று சொல்லாதே" என்றார்.

நாள்காட்டி ஒன்று வாங்குங்கள்

இது சின்ன வேலைதான். ஆனாலும் இதைச் செய்யாதவர்கள்தான் எல்லாவற்றையும் தவறவிடுகிறார்கள். இந்த ஊரின் பெரிய நிகழ்ச்சிகள் ஆங்கிலத் தேதியைப் பார்த்து நடப்பதில்லை. நட்சத்திரம், திதி பார்த்து நடக்கும். ஆண்டுக்கு ஆண்டு பத்து, பதினைந்து நாள் முன்பின் ஆகும். தமிழ்த் தேதியும் நட்சத்திரமும் போட்ட தினசரி நாள்காட்டி ஒன்றை அறையில் மாட்டுங்கள். அதில் ஐந்து நாட்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள்: ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசி மகாசிவராத்திரி, மாசி மகம்.

பிறகு பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோதுகிற நாட்களை முன்பே தெரிந்துகொண்டால் படிப்பை முன்தள்ளி வைத்துக்கொள்ளலாம். ஆனி உத்திரத்தில் நடக்கும் ஆனித் திருமஞ்சனம் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவுக்குள் வரும். புதிதாகச் சேருகிறவர்கள் பலர் அதை ஒரு சில நாளில் தவறவிடுவார்கள். அப்படியானால் கவலைப்படாதீர்கள், மார்கழி இருக்கிறது.

தேரும் தரிசனமும்

நடராசருக்கு ஆண்டில் ஆறு முறை மகாபிஷேகம். அவற்றில் ஆனியும் மார்கழியும் கொடியேற்றம், தேர் என்று பத்து நாள் பெருவிழாவாக நடப்பவை. ஒன்பதாம் நாள் தேர். பத்தாம் நாள் அபிஷேகமும் தரிசனமும். நாள்காட்டியில் நீங்கள் வட்டமிட்டது பத்தாம் நாளை. ஆகவே தேருக்கு அதற்கு முந்தைய நாள் காலை தயாராக இருக்க வேண்டும். எங்கள் விடுதியில் ஆண்டுதோறும் நாலு பேராவது இதைக் குழப்பிக்கொண்டு, தேர் நிலைக்கு வந்த பிறகு போய் நிற்பார்கள்.

இந்தத் தேருக்கு ஏன் இவ்வளவு கூட்டம்? மற்றக் கோயில்களில் மூலவர் கருவறையில் இருப்பார், உற்சவர் வீதிக்கு வருவார். இங்கே கருவறையான சித்சபையில் ஆண்டு முழுவதும் கும்பிடப்படும் நடராசரும் சிவகாமசுந்தரியுமே இறங்கித் தேரில் ஏறுகிறார்கள். சபையில் எட்ட நின்று பார்த்த மூர்த்தி தெருவில் நம் தலைக்கு மேலே அசைந்து வருகிறார். விநாயகர், முருகர், சண்டிகேசுவரர் தேர்களும் சேர்த்து மொத்தம் ஐந்து தேர்கள். என்னைச் சைக்கிளில் கூட்டிப்போன அண்ணன் முதல் தேர் திரும்பும் மூலையில் நிறுத்திவிட்டு, "இங்கேயே நில், ஐந்தும் உன்னிடம் வரும்" என்றார். இன்று வரை நான் நிற்பது அந்த மாதிரி ஒரு முனையில்தான். தேர் நேராக வரும்போது பார்ப்பதைவிட, முட்டுக்கட்டை போட்டு அதைத் திருப்புகிறவர்களின் சாமர்த்தியத்தைப் பார்ப்பது பெரிய காட்சி.

வடம் பிடிக்க யாரும் தடுப்பதில்லை. ஆண்கள், பெண்கள், மாணவர்கள் யாரும் பிடிக்கலாம். ஆனால் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். சக்கரத்தின் பக்கம் ஒருபோதும் போகாதீர்கள். வடத்தைப் பிடித்தபின் யாராவது விழுந்தால் உடனே கத்திச் சொல்லுங்கள். செருப்பை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கூட்டத்தில் கழன்ற செருப்பைக் குனிந்து தேடுவது ஆபத்து. அன்று நான்கு வீதிகளிலும் வண்டி விடமாட்டார்கள். பஸ்கள் வேறு வழியில் திரும்பும். பாலத்திலிருந்து நடைதான்.

வழியில் மண்டகப்படிகள் நடக்கும். பருவதராஜ குலத்தினரான மீனவ மக்கள் சீர் கொண்டுவந்து பட்டுச் சாத்துவதை விட்டுவிடாதீர்கள். வீதிகளில் நீர்மோரும் பானகமும் சாதமும் கொடுப்பார்கள். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் சில்லறையும் மட்டும் இருந்தால் போதும்.

தேர் நிலைக்கு வந்த இரவு, மூர்த்திகள் ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போவார்கள். விடிவதற்கு முன்பே அங்கே மகாபிஷேகம் தொடங்கும். பாலும் தேனும் விபூதியும் சந்தனமும் அருவி போல் இறங்கும். மார்கழிக் குளிரில் அந்த மண்டபத்து முன்னால் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கிராமத்து மக்களோடு நீங்களும் உட்காருங்கள். போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் நடராசர் ஆடியபடி சபைக்குத் திரும்புவார், அதுதான் தரிசனம். அன்று வீடுகளில் திருவாதிரைக் களியும் தாளகக் குழம்பும் செய்வார்கள். உள்ளூர் நண்பர் ஒருவரை அதற்குள் சம்பாதித்து வைத்திருப்பது நல்லது.

மாணவிகளுக்குத் தனியாக ஒன்று. விடுதிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதால் பலர் இந்த இரவை நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஒரு வாரம் முன்பே ஐந்தாறு பேர் சேர்ந்து, பெற்றோர் சம்மதத்தோடு காப்பாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். உள்ளூரில் தோழியின் வீடு இருந்தால் அங்கே தங்கிக்கொள்வது இன்னும் எளிது. ஆண்டு முழுக்க அடுத்த அறையில் இருந்த என் வகுப்பு மாணவர்கள் எல்லோரும் பார்த்த அந்த அபிஷேகத்தை, உடன் படித்த பெண்கள் பாதிப்பேர் பார்க்காமலே போனார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நாட்டியாஞ்சலி

நாட்டியாஞ்சலி என்ற இந்த நடன விழா 1981இல் தொடங்கியது. மகாசிவராத்திரியை ஒட்டி ஐந்து நாள். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நடனக் கலைஞர்கள் வந்து, நடராசருக்குத் தங்கள் ஆட்டத்தைக் காணிக்கையாகச் செலுத்திவிட்டுப் போகிறார்கள். பரதம், குச்சிப்புடி, ஒடிசி, கதக், மோகினியாட்டம் எல்லாம் ஒரே மேடையில் அடுத்தடுத்து வரும். சென்னையில் டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டிய கலைஞர்களை இங்கே கட்டணம் இல்லாமல் பார்க்கலாம்.

மேடை எங்கே என்பதை மட்டும் அந்த ஆண்டின் சுவரொட்டியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கோயிலுக்குள் நடந்த ஆண்டுகளும் உண்டு, வெளியே வீதியில் நடந்த ஆண்டுகளும் உண்டு, இரண்டு இடத்திலும் தனித்தனியாக நடந்ததும் உண்டு. மாலை ஆறு மணிக்கு முன்பே போனால் முன்வரிசைக்குப் பின்னால் தரையில் நல்ல இடம் கிடைக்கும். ஐந்து நாளும் போக முடியாதவர்கள் சிவராத்திரி இரவைத் தேர்ந்தெடுக்கலாம். அன்று நிகழ்ச்சி நீளும். ஆனால் எனக்குப் பிடித்தது கடைசி நாட்கள். கூட்டம் குறைந்து, பெயர் தெரியாத சிறு ஊர்க் குழுக்கள் ஆடும்போதுதான் மிக அழகான ஆட்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

நடனம் புரியாது என்று தயங்குகிறவர்கள் முதல் மாலை கையை மட்டும் பாருங்கள், இரண்டாம் மாலை காலை மட்டும். அதற்குள் கோபுர வாயிலில் பார்த்த சிற்பங்கள் கண்ணில் வந்து நிற்கும்.

நம் பக்கத்திலேயே இருப்பவை

பாலத்தைத் தாண்டச் சொன்னேன் என்பதற்காகப் பல்கலைக்கழகத்துக்குள் ஒன்றும் இல்லை என்று பொருளில்லை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய மீனாட்சிக் கல்லூரியிலிருந்து வளர்ந்து 1929இல் பல்கலைக்கழகமானது இது. தமிழிசை இயக்கம் பிறந்த இடமும் இதுதான். கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று 1941இல் இங்கே கூடிய மாநாட்டிலிருந்துதான் அந்தப் பேச்சு நாடெங்கும் போனது. எம். எம். தண்டபாணி தேசிகர் இசைத்துறையில் இருந்து கற்பித்திருக்கிறார்.

ஆகவே மாலையில் இசைத்துறைப் பக்கம் நடந்து போங்கள். வீணையும் நாதசுரமும் மிருதங்கமும் பயிற்சி செய்யும் ஓசை கேட்கும். அங்கே படிக்கிற ஒரு மாணவரையாவது நண்பராக்கிக்கொள்ளுங்கள். மாணவர் கச்சேரி எப்போது என்று அவர்கள் சொன்னால்தான் தெரியும்; அறிவிப்புப் பலகையை நம்பியிருந்தால் முடிந்த பிறகு தெரியவரும். சாஸ்திரி ஹாலில் பெரிய விழாக்கள் நடக்கும். துறை மன்றக் கூட்டங்களையும் பொங்கல் விழாவையும் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஜனவரிக் கடைசி வாரத்தில் ராஜேந்திரன் சிலைக்கு மாலை போட வருகிறவர்களைக் காண்பீர்கள். 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த இந்தப் பல்கலைக்கழக மாணவர் அவர். நாம் நடக்கும் அதே சாலையில் நடந்தவர். அன்று ஒரு நிமிடம் அங்கே நின்றுவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

தண்ணீர்ப் பக்கம்

பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர் தொலைவுக்குள். சிதம்பரம் பஸ் நிலையத்திலிருந்து பஸ் கிடைக்கும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு விடுகிறது. விசைப்படகு வேகமாகப் போகும், ஆனால் குறுகிய ஓடைகளுக்குள் நுழையாது. துடுப்புப் படகையே கேளுங்கள். மரங்கள் கூரை போல் கவிந்த ஓடைக்குள் போகும்போது தண்ணீர்ச் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. காலையில் முதல் படகுக்குப் போனால் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை, கொக்கும் நாரையும் நிறைய இருக்கும். நான்கைந்து பேராகப் போனால் படகுச் செலவு பங்கிட்டுக்கொள்ளலாம்.

அங்கே ஒரு மரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தில்லை மரம். இந்த ஊருக்குத் தில்லை என்று பெயர் வந்தது அதனால்தான். அதன் பாலில் நஞ்சு உண்டு. படகிலிருந்து கை நீட்டி இலை பறிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். என் அறை நண்பன் அப்படிப் பறித்த கையால் கண்ணைக் கசக்கிவிட்டு இரண்டு நாள் கண் திறக்க முடியாமல் கிடந்தான். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போகும் வழியில் இருக்கிறது கிள்ளை. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடற்கரை நோக்கி இங்கே வருவார். கிள்ளையில் தர்காவின் முன்னால் இசுலாமியர்கள் பெருமாளுக்குப் பட்டும் மாலையும் கொடுத்து வரவேற்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். நாட்டியாஞ்சலிக்குப் போகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட இதற்குப் போவதில்லை. இரண்டுமே மாசியில்தான் வருகின்றன. ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் நான் கிள்ளைக்குப் போவேன். சாமியை எதிர்பார்த்து வெயிலில் நிற்கிற அந்தப் பெரியவர்களின் முகத்தை வேறு எங்கும் பார்த்ததில்லை.

பரங்கிப்பேட்டையில் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. வெள்ளாறு கடலில் சேரும் முகத்துவாரமும் அங்கேதான். மாலையில் படகுகள் திரும்பும் நேரம் நல்ல நேரம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் எச்சரிக்கை வந்த வாரத்தில் கடல் பக்கமோ பிச்சாவரமோ போகும் திட்டத்தைத் தள்ளிவையுங்கள்.

ஒரு நாள் பயணங்கள்

கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி, இருபது கிலோமீட்டர். தமிழிசை மூவரான முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோருக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. சித்திரையில் திருஞானசம்பந்தருக்கு ஞானப்பால் ஊட்டிய திருமுலைப்பால் விழா நடக்கும். குழந்தைகளோடு வரும் குடும்பங்களால் கோயில் நிறைந்திருக்கும். ரயிலில் போய் மாலைக்குள் திரும்பலாம்.

புத்தகப் பிரியர்கள் ஜூலை வாக்கில் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி அறிவிப்பைக் கவனியுங்கள். மாலையில் பேச்சும் கலை நிகழ்ச்சியும் இருக்கும். சென்னைக் கண்காட்சியின் நெரிசல் இல்லாமல் நிதானமாகப் புரட்டிப் பார்த்து வாங்கலாம்.

அதே திசையில், நெய்வேலிக்கு முன்னால் வடலூர். வள்ளலார் 1867இல் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. எந்த நாள் போனாலும் சாப்பாடு உண்டு, யார் என்று கேட்பதில்லை. தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் ஏழு திரைகளை நீக்கிச் சோதி தரிசனம் காட்டுவார்கள். நாளில் பல வேளை காட்டுவார்கள் என்றாலும் விடியற்காலைத் தரிசனத்துக்குப் போகிறவர்கள் முந்தைய மாலையே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். காலையில் கிளம்பினால் சாலை நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். இரவு திடலில் படுக்க ஒரு பாய், ஒரு போர்வை, ஒரு கைவிளக்கு. ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், ஆகவே இறங்கி நடக்க வேண்டியிருக்கும். சோதி பார்த்தபின் நேரே தருமசாலைப் பந்திக்கு வாருங்கள். வரிசை நீளமாகத் தெரியும், ஆனால் பந்தி அடுத்தடுத்து எழும்பிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் உங்களுக்கும் இலை விழும்.